தெல்லிப்பழையில் வழங்கிய அமெரிக்கப் பெயர்கள்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வீதியில், துர்க்கையம்மன் கோயிலாற் சிறப்புற்று விளங்கும் ஊர் தெல்லிப்பழை. அவ்வூரிலுள்ள யூனியன் கல்லூரி தனது தோற்றத்தை 1816-ஆம் ஆண்டிலிருந்து எண்ணி வருகின்றது. அதற்கு வித்திட்டவர் டானியேல் பூர் என்னும் அமெரிக்கப் பாதிரியார். பூர் என்னுஞ் சொல் ஆங்கிலத்தில் ஏழை எனப் பொருள்படும். ஆயினும் இப்பெயரைத் தாங்கியவர் எல்லோரும் ஏழைகளாயிருந்தாரல்லர். அமெரிக்காவில் மெயின் மாநிலத்திற் பிறந்த ஹென்றி வார்னம் பூர் என்பவர் புகையிரதக் கம்பனிகளின் வரவுசெலவுகளை ஆராய்ந்து, முதலிடுவோர் அறியும்பொருட்டு நூல்களாக வெளியிட்டார். அவர் தொடங்கிய நிறுவனம் 1941-இல் மற்றொன்றுடன் இணைந்து 'ஸ்டாண்டர்ட் அன்ட் பூர்ஸ்' ஆயிற்று. 2022 ஏப்ரிலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியபோது, நாட்டின் கடன் தரத்தைக் கீழிறக்கிய நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. தெல்லிப்பழைப் பாதிரியாரும் இப்புகையிரதக் கணக்காளரும் உறவினர் என்று கூறுவதற்கில்லை. ஆனால் ஒரே குடும்பப் பெயர் ஓரிடத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தோடும், மற்றோரிடத்தில் உலகச் சந்தையோடும், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் டானியேல் பூர் ஞாபகார்த்த நூல்நிலையத்தோடும் ஒட்டிக்கொண்டு நிற்பது கவனிக்கத்தக்கது.

குடும்பப் பெயர் என்பது தமிழருக்குப் பழக்கமானதன்று. தமிழர் வழக்கில் தந்தையின் பெயர் மகனின் பெயருக்கு முன்னே நிற்கும். பெரும்பாலும் ஒரு முதலெழுத்தாகச் சுருங்கி நிற்கும். பேரன் தலையெடுக்கும்போது பாட்டனின் பெயர் அவ்விடத்தினின்றும் அகன்றுவிடும். அமெரிக்கர் வழக்கிலோ பெயரின் ஈற்றில் நிற்கும் சொல் தலைமுறை தலைமுறையாக மாறாது வரும். இவ்விரு வழக்கங்களும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்பின் பயனாக, அமெரிக்காவை ஒருநாளுங் கண்டிராத தமிழர் பலர் நெவின்ஸ், நைல்ஸ், கறோல், ஆர்னோல்ட், டான்போர்த், ஸ்ட்ரோங் என்னும் பெயர்களோடு வாழ்ந்தனர். அப்பெயர்கள் எவ்வாறு வந்தன, வந்தபின் எவ்வாறு வேரூன்றின என்பது நேயர்கள் அறியவேண்டிய செய்தியாகும்.

1815 அக்டோபரில் அமெரிக்காவின் நியூபெரிபோர்ட் துறையிலிருந்து 'டிரையட்' என்னும் கப்பல் புறப்பட்டது. பூர், வாறன், றிச்சாட்ஸ், மெய்க்ஸ் என்னும் பாதிரிமார் அதில் வந்தனர். மறு ஆண்டு மார்ச்சில் கொழும்பை அடைந்து, பின்னர் யாழ்ப்பாணஞ் சேர்ந்தனர். பூரும் வாறனும் 1816 அக்டோபரில் தெல்லிப்பழையில், பறங்கியர் காலந்தொட்டு அங்கே சிதைந்து கிடந்த பழைய தேவாலய வளவில் குடியேறினர். ஆண்டு முடிவதற்குள் ஓர் இலவசப் பள்ளிக்கூடம் எழுந்தது. அக்குழுவினரின் வாழ்வு எளிதாயிருக்கவில்லை. வாறன் நோயுற்றுக் கடல்வழியே சென்று 1818-இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். பூரின் மனைவியார் சூசன் 1821-இலும், றிச்சாட்ஸ் 1822-இலும் காலமாயினர். மேலும் பாதிரிமார் வருவதை அக்காலத்து ஆங்கிலத் தேசாதிபதி தடுத்தார்; அத்தடை 1833 வரை நீங்கவில்லை. வேலை மிகுந்து ஆட்கள் குறைந்த அந்நிலையில், உள்ளூர்ப் பிள்ளைகளையே வளவினுள் வைத்து வளர்த்துப் பயிற்றுவதென்று அவர்கள் முடிவு செய்தனர். இவ்வாறு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கிற்று. பெயர்களின் கதையும் அங்கேதான் தொடங்குகின்றது.

பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துக் கற்பிப்பதற்குப் பணம் வேண்டும். அப்பணம் நியூ இங்கிலாந்துப் பகுதிகளிலுள்ள சிற்றூர்த் திருச்சபைகளிலிருந்தும், பெண்கள் கூடித் தையல்வேலை செய்து பணந்திரட்டிய சங்கங்களிலிருந்தும், தனிப்பட்ட செல்வரிடமிருந்தும் வந்தது. ஒரு பிள்ளையைத் தாங்குவதற்கு ஆண்டுதோறும் குறித்த தொகையைத் தர உடன்பட்டவர், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமையும் பெற்றனர். ஒரு சபையார் தம் போதகரின் பெயரைக் கொடுப்பர். மகனை இழந்த தாய் அவன் பெயரைக் கொடுப்பாள். பொஸ்டன் நகரத்தில் வெளியாகிய 'மிஷனரி ஹெரல்ட்' என்னும் சஞ்சிகையில், இலங்கையிலுள்ள இன்ன பெயருடைய பிள்ளைக்கு இன்ன ஊரார் அனுப்பிய தொகை என்று பட்டியல் அச்சாகும். பணந்தந்தவர்கள் அதனைப் பார்த்து மகிழ்வர். தெல்லிப்பழையிலோ வட்டுக்கோட்டையிலோ அப்பிள்ளையை ஈன்றவள், அவனைச் சின்னத்தம்பி என்றோ கந்தன் என்றோ அழைத்துக்கொண்டிருப்பாள்.

இதனைத் தீது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நன்று என்று புகழ்ந்துவிடுவதும் பொருத்தமாகா. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடு கொடுத்தனர் என்பதில் ஐயமில்லை. கடல் கடந்து ஒரு பிள்ளையை முகங்காணாது தாங்குவதற்கு, அப்பிள்ளைக்கும் தமக்கும் இடையே ஒரு பற்றுக்கோடு அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆயினும் பெற்றோர் பக்கத்தில் நின்று நோக்கினால் வேறொன்று தோன்றும். ஒரு பிள்ளைக்குப் பெயரிடுதல் நம்மவரிடையே பாட்டன் பாட்டியரையும் குலதெய்வத்தையும் நினைவுகூருஞ் செயல். அப்பெயரை ஒரு பதிவேட்டிலே நீக்கி வேறொன்றை எழுதுவதற்கு உடன்படுவது, வறுமையும் கல்வி வேட்கையும் சேர்ந்து நெருக்கினாலன்றி நிகழாது. மிஷன் வளவிலே சமைத்த உணவை உண்பதற்கே வேளாண் குடிப் பிள்ளைகள் தயங்கிய காலம் அது. உணவில் இத்துணைக் கண்டிப்புக் காட்டியவர்கள் பெயரை விட்டுக்கொடுத்தனர் என்றால், ஏட்டிலுள்ள பெயரை அவர்கள் வெறும் வெளிச்சட்டையாகவே கருதினர் போலும். வீட்டுக்கு வந்தாற் கழற்றிவிடலாம் அல்லவா?

இவ்விடத்து ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடுதல் வேண்டும். அமெரிக்கர் வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே போர்த்துக்கேயர் வழியாகக் கத்தோலிக்கப் பெயர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தன. அவை புனிதர்களின் பெயர்கள். தமிழர் அவற்றைத் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டனர். சந்தியாகு என்பது சந்தியாப்பிள்ளையாயிற்று, சவேரியார் சவிரிமுத்துவானார், பேதுருவை இராயப்பு என்றும் பவுலைச் சின்னப்பு என்றும் அழைத்தனர். கேட்பவர் அவற்றைத் தமிழ்ப் பெயர்களாகவே கொள்வர். அமெரிக்கப் பெயர்கள் அவ்வகையின அல்ல. அவை பெரும்பாலும் அக்காலத்தில் வாழ்ந்த, அல்லது அண்மையில் மறைந்த மாந்தரின் முழுப் பெயர்கள். குடும்பப் பெயரும் உட்பட அப்படியே எடுத்துச் சூட்டப்பட்டவை. ஒரு குடும்பத்துக்கு உரிய பெயர், அக்குடும்பத்தோடு எவ்வகை உறவுமில்லாத ஒருவர்மீது வந்து அமர்ந்தது. மேலும் அப்பெயர் பலருக்கு ஞானஸ்நானத்தின்போது கிடைத்ததன்று. விடுதியிற் சேர்ந்தபோதே கிடைத்தது. ஆகையால் அமெரிக்கப் பெயர் இருப்பதைக் கொண்டு ஒருவர் கிறிஸ்தவராயிருந்தார் என்று துணிந்துவிடலாகாது.

இதற்கு நெவின்ஸ் என்னும் பெயரினும் சிறந்த சான்று வேறில்லை. வில்லியம் நெவின்ஸ் என்பவர் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்திற் பிறந்து, பால்டிமோர் நகரத்தில் பிரெஸ்பிற்றேரியன் சபைப் போதகராய்ப் புகழ்பெற்று, 1835-இல் இளம் வயதிலேயே மறைந்தார். அதே பெயர் யாழ்ப்பாணத்தில் முத்துக்குமாரர் மகன் சிதம்பரப்பிள்ளைக்கு வழங்கிற்று. 1820-இற் பிறந்த இவர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றுத் தேர்ந்தார். மேலைத்தேயத் தருக்க நூலைத் தமிழர் அறியுமாறு 1850-இல் 'நியாய இலக்கணம்' என்னும் நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெரிய தெருவில் இவர் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அப்பள்ளிக்கூடமே கைமாறி வண்ணார்பண்ணைக்குப் பெயர்ந்து, 1890-இல் சைவபரிபாலன சபையாரின் பொறுப்பில் இந்து உயர்தரப் பாடசாலையாயிற்று. இன்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என வழங்குவது அதுவே. அதன் தலைமையாசிரியராக 1892 முதற் பல்லாண்டு விளங்கியவர் இவருடைய மகனார் நெவின்ஸ் செல்வத்துரை. பால்டிமோர் நகரத்துப் போதகர் ஒருவரின் குடும்பப் பெயர், சைவப் பிள்ளைகள் கிறிஸ்தவப் பாடசாலைகளை நாடாமற் கற்கவேண்டும் என்பதற்காக எழுந்த கல்லூரியின் வரலாற்றில் முதற்பக்கத்திலேயே நிற்கின்றது!

நெவின்ஸ் செல்வத்துரை என்னும் பெயரின் அமைப்பையும் நோக்குக. அமெரிக்கர் வழக்கின்படி நெவின்ஸ் என்பது குடும்பப் பெயர், ஈற்றிலே நிற்கவேண்டும். இங்கே அது முன்னே வந்து நிற்கின்றது. ஏன்? தமிழ் வழக்கின்படி அது தந்தையின் பெயர். சிதம்பரப்பிள்ளையை ஊரார் நெவின்ஸ் என்றே அழைத்தனர். ஆகவே நெவின்ஸின் மகன் செல்வத்துரை. குடும்பப் பெயராய்க் கப்பலேறி வந்த சொல், யாழ்ப்பாணத்து மண்ணில் இறங்கியதும் தமிழ்ப் பெயரிலக்கணத்துக்குப் பணிந்து, ஒரு தனி மனிதரின் பெயராகி, மகனின் முன்பெயராகிவிட்டது. இலக்கணம் பயில்வோர்க்கு இஃது இனிய உதாரணம்.

நைல்ஸ் என்னும் பெயரோ மறுவழி சென்றது. இது தெல்லிப்பழைக்கு நேரே உரிய பெயர். அமெரிக்காவில் நைல்ஸ் என்னும் பெயருடையோர் பலர். நதானியேல் நைல்ஸ் என்பவர் வெர்மொண்ட் மாநிலத்து நீதிபதியாயும் கொங்கிரஸ் சபை அங்கத்தவராயும் இருந்து 1828-இல் மறைந்தார். ஹெசக்கையா நைல்ஸ் என்பவர் 1811-இல் பால்டிமோரில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கி, அக்காலத்து அமெரிக்கச் செய்திகளுக்கு அதனை ஒரு களஞ்சியமாக்கினார். மிச்சிகனிலும் ஓகையோவிலும் உள்ள நைல்ஸ் என்னும் நகரங்கள் அவர் பெயரைத் தாங்கியவை. நைல்ஸ்-பெமண்ட்-பொண்ட் என்னும் கம்பனி இயந்திரங்களைக் கடையும் கருவிகள் செய்வதிற் பேர்பெற்றிருந்தது. ஜோன் ஜேக்கப் நைல்ஸ் நாட்டுப்பாடல்களைத் திரட்டிப் பாடியவர்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு நதானியேல் நைல்ஸ் இருந்தார். அவர் தமிழர், மிஷனின் உள்நாட்டுப் பிரசங்கியாருள் ஒருவராக அதன் அறிக்கைகளிற் குறிக்கப்படுகின்றார். 1908-இல் தெல்லிப்பழையிற் பிறந்த டானியேல் தம்பிராசா நைல்ஸ், உலகக் கிறிஸ்தவ சபைகளின் வரலாற்றில் முன்னணியில் நிற்பவர். அவருடைய பூட்டனார் அமெரிக்க மிஷனாரிடம் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற தமிழருள் ஒருவர். 1948-இல் அம்ஸ்ரடாம் நகரத்தில் உலகத் திருச்சபைகளின் மன்றம் தொடங்கப்பெற்றபோது, நாற்பது வயதினரான டி. ரி. நைல்ஸ் அதன் தொடக்க நாளிற் பேசினார். 1968-இல் சுவீடனில் உப்சாலா நகரத்தில் அம்மன்றம் கூடியபோது, தொடக்கப் பிரசங்கத்தை நிகழ்த்துவதற்கு அழைக்கப்பட்டிருந்தவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங். அவர் ஏப்ரிலிற் சுட்டுக் கொல்லப்படவே, அவ்விடத்தில் நின்று பிரசங்கித்தவர் தெல்லிப்பழையிற் பிறந்த இத்தமிழர். அவர் 1970-இல் வேலூரிற் காலமானார்.

உலகம் அவரை நைல்ஸ் என்றே அறியும். தம்பிராசா என்பது ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. நெவின்ஸ் வீட்டாரிடம் அமெரிக்கப் பெயர் தமிழ் இலக்கணத்துக்குப் பணிந்தது. நைல்ஸ் வீட்டாரிடம் தமிழ்ப் பெயரே அமெரிக்க இலக்கணத்துக்கு இடங்கொடுத்து நடுவே ஒதுங்கிற்று. கிறிஸ்தவராகவே நிலைத்த குடும்பங்களிற் பல இரண்டாவது வழியைப் பின்பற்றின. அதனாற்றான் இன்றும் யாழ்ப்பாணத்தவரிடையிலும், அவர்கள் சென்று குடியேறிய தேசங்களிலும், அமெரிக்கக் குடும்பப் பெயர்கள் தமிழர்க்கு உரியனவாய் வழங்கக் காணலாம். அமெரிக்காவிலேயே குடியேறிய ஒரு தமிழர் இத்தகைய பெயரைச் சொன்னால், கேட்கும் அமெரிக்கர் வியப்படைவதும் இயல்பே. அப்பெயர் இரு நூற்றாண்டுக்குப் பின் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கின்றது.

இரண்டு பெயரையும் சமமாகச் சுமந்தவர்களும் உளர். ஜே. ஆர். ஆர்னோல்ட் என்னும் சதாசிவம்பிள்ளை 'உதயதாரகை'ப் பத்திரிகைக்கு நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். 1886-இல் அவர் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' நானூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைக் கூறுவது. தமிழ்ப் புலவர் வரலாறு எழுதப் புகுவோர் எவரும் அந்நூலைக் கடந்து செல்லுதல் அரிது. அவ்வுதயதாரகையை 1841 ஜனவரியில் முதன்முதல் நடத்தத் தொடங்கிய தமிழர் இருவரின் பெயர்களைக் கேட்டால் நேயர்கள் வியப்புறுவர். ஒருவர் ஹென்றி மார்ட்டின். மற்றவர் சேத் பேசன். முன்னது இந்தியாவிற் பணிபுரிந்து 1812-இல் இறந்த ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் பெயர். பின்னது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் போதகர் ஒருவரின் பெயர். யாழ்ப்பாணத்தின் முதற்றமிழ்ப் பத்திரிகையை வெள்ளையர் இருவர் நடத்தினர் என்று தவறாக எண்ணுவோர் இன்றும் இருப்பதற்கு இப்பெயர்களே காரணம்.

டானியேல் கறோல் என்னும் பெயர் பெற்ற விசுவநாதபிள்ளை கணிதத்தில் வல்லவர். வீசகணிதத்தைத் தமிழில் எழுதி 1855-இல் வெளியிட்டார். சைவத்தைக் கண்டித்து நூல் எழுதிய இவரே பின்னர் சைவத்துக்கு மீண்டார். மீண்டபின்னும் கறோல் விசுவநாதபிள்ளை என்றே வழங்கப்பட்டார். சமயத்தை மாற்றிக்கொள்வதினும் ஊரார் வாயிலிருக்கும் பெயரை மாற்றிக்கொள்வது கடினம் போலும். 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை முதன்முதல் நடத்திய பட்டப் பரீட்சையில் இவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் தேறிப் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிற் பயின்றபின் வட்டுக்கோட்டைக்குச் சென்றவர். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி முதலியவற்றை ஏட்டிலிருந்து அச்சேற்றித் தமிழ் உலகுக்கு அளித்த இவருடைய பெயரில் அமெரிக்க வாடையே கிடையாது. ஆனால் அழகசுந்தரம் என்னும் பெயரோடு பிறந்த இவர் மகனோ பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயராற் புகழ்பெற்றார். 1921-இல் பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து தேவார திருவாசகங்களிற் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் அவரே. அந்நூலின் முகப்பில் கிங்ஸ்பரி, பிலிப்ஸ் என்னும் பெயர்களைக் காணும் அந்நியர், சம்பந்தரையும் அப்பரையும் ஆங்கிலேயர் இருவர் மொழிபெயர்த்தனர் என்றே கருதுவர். அவ்விருவரில் ஒருவர் தொல்காப்பியம் பதிப்பித்தவரின் மகன் என்பது அவர்களுக்குத் தோன்றாது.

இனி வாணிகத்துக்கு வருவோம். மானிப்பாயில் அமெரிக்க மிஷனாருக்கு ஓர் அச்சுக்கூடம் இருந்தது. 1834-இல் ஈஸ்ட்மன் ஸ்ட்ரோங் மைனர் என்னும் அச்சுத்தொழிலர் அமெரிக்காவிலிருந்து வந்து அதனைப் பெருக்கினார். 1855-இல் மிஷனின் மேலிடத்தார் அனுப்பிய குழுவினர் வந்து பார்வையிட்டு, செலவைக் குறைக்கவும் ஆங்கிலக் கல்வியைச் சுருக்கவும் தீர்மானித்தனர். அதன்பின் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அச்சுவேலையும் மிஷனார் கையிலிருந்து அதிலே பயின்ற தமிழர் கைக்கு மாறிற்று. அவர்கள் நடத்திய நிறுவனத்தின் பெயர் 'றிப்ளி அன்ட் ஸ்ட்ரோங்'. பின்னர் அது 'ஸ்ட்ரோங் அன்ட் அஸ்பரி' என்றாயிற்று. லண்டனிலோ நியூயோர்க்கிலோ உள்ள புத்தகக் கம்பனி என்று நினைக்கத் தோன்றும் பெயர்! சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் வரலாறு 1859-இல் அச்சானது இந்த றிப்ளி அன்ட் ஸ்ட்ரோங் அச்சுக்கூடத்திலேதான். தமிழ்ப் புலவர்களைப் பற்றித் தமிழர் ஒருவர் எழுதி, தமிழர் நடத்திய அச்சுக்கூடத்தில் அச்சிட்ட நூலின் முகப்பிலே அச்சிட்டோர் பெயரில் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. தாய் தந்தையர் அவர்களுக்கு இட்ட பெயர்களையேனும் முகப்பின் ஓரத்திற் பொறித்திருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

பெயரைப் பற்றிய இவ்வாராய்ச்சி வீண் பொழுதுபோக்கன்று. ஒரே ஆசிரியர் நூல்நிலையப் பட்டியலில் ஆர்னோல்ட் என்று ஓரிடத்திலும் சதாசிவம்பிள்ளை என்று வேறோரிடத்திலும் பதியப்பட்டால், ஆராய்வோனுக்கு அவர் இருவராகிவிடுவார். அமெரிக்கப் பெயர் மட்டும் தெரிந்திருந்தால் அவர் தமிழரென்பதே மறைந்துவிடும். தமிழ்ப் பெயர் மட்டும் தெரிந்திருந்தால் பொஸ்டன் நகரத்துப் பழைய சஞ்சிகைகளில் அவருடைய இளமையைத் தேட வழியில்லை. யாழ்ப்பாணத்தில் இத்தேட்டம் முன்னையினும் அரிதாகிவிட்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறையத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1990-இல் தெல்லிப்பழைப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். யூனியன் கல்லூரியும் தன் வளவைவிட்டு அகன்று, நெடுநாட்கழித்தே மீண்டது. உள்ளூரில் அழிந்த பதிவுகளுக்கு ஈடாக இன்று எஞ்சியிருப்பனவற்றுள், அந்நாளில் அமெரிக்கச் சிற்றூரார் தம் பணம் எப்பிள்ளையைச் சேர்ந்தது என்று அறிவதற்காக அச்சிட்ட பட்டியல்களும் அடங்கும். பெயரை மாற்றியவர்களே பெயரைக் காத்தும் வைத்தனர்.

அமெரிக்கர் மாந்தரின் பெயர்களை மட்டும் மாற்றவில்லை. ஊர்ப் பெயர்களும் அவர்கள் எழுத்தில் உருமாறின. தெல்லிப்பழை அவர்களுக்கு டில்லிப்பள்ளி, வட்டுக்கோட்டை பற்றிக்கோட்டா, மானிப்பாய் மனெப்பி. ஊர்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பாதிரிமார் போனபின் அவை தம் பழைய பெயர்களோடே இருந்தன.

பாதிரிமாருள்ளும் இவ்வகை மாற்றத்தை விரும்பாத ஒருவர் இருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்து வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ் இளைஞர்க்கு மேலைத்தேய வைத்தியங் கற்பித்தார். இளைஞர் தமிழ் மொழியிலே கற்கவேண்டும், தமிழர் உடையிலே நடமாடவேண்டும் என்பது அவர் கொள்கை. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். உடற்கூறும் சத்திர வைத்தியமும் இரசாயனமும் அவர் முயற்சியால் தமிழ் நூல்களாயின. ஆயினும் அவரிடம் முதலிற் பயின்றவர்களின் பெயர்கள் டென்னிசன், டான்போர்த். மொழிபெயர்ப்பில் உடனுழைத்தவர்கள் டான்போர்த், சாப்மன், பவுல். அப்பெயர்கள் கிறீன் வருமுன்பே பள்ளிக்கூடத்தில் இடப்பட்டவை. உடையையும் மொழியையும் தமிழாகவே காக்க விரும்பிய வைத்தியர், பெயர்களை வந்தவாறே ஏற்றுக்கொண்டார். இரண்டாம் முறையும் மாற்றச் சொல்வது யாருக்குத்தான் மனம்வரும்?

கிறீன் என்னும் குடும்பப் பெயர் மானிப்பாயில் அவர் ஞாபகார்த்த வைத்தியசாலையில் நிலைத்திருக்கின்றது. அவர் 1873-இல் நாடு திரும்பி, 1884-இல் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் நகரத்திற் காலமானார். தம் கல்லறையில் இன்னது எழுதவேண்டுமென்று அவர் முன்னரே கூறிச்சென்றார். ஆகையால் அந்நகரத்து மயானத்தில், ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் வரிசையாக நிற்கும் கற்களுக்கு இடையே ஒரு கல்லில், அவர் தமிழர்களுக்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்று, தமிழர் என்னும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றது.